மச்சாள் ஒரு பெண்ணைக் கலியாணம் செய்கிறாள்: எங்கள் வீடு என்ன செய்வது?

கொக்குவில் பிள்ளை எழுதியது:

என் மாமாவின் மகள் ஸ்காபுரோவில் பிறந்து வளர்ந்தவள். வருகிற ஆவணியில் அவளுக்குக் கலியாணம். மணமகள் இரண்டு பேர். மற்றப் பிள்ளையின் குடும்பமும் எங்கட யாழ்ப்பாணப் பக்கம்தான், வடமராட்சி. கனடாச் சட்டப்படி பதிவு, பிறகு மண்டபத்தில் விருந்து. மாமா அழைப்பிதழில் "இன்னாரின் பேர்த்தி" என்று அம்மம்மாவின் பெயரையும் அச்சடிக்க விரும்புகிறார். அதற்குச் சம்மதம் கேட்டுக் கோல் எடுத்த நாளோடு எங்கள் வீடு இரண்டாகிவிட்டது.

இனிக் கோயிலடியில் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்கிறா பெரியம்மா. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா எழும்பிப் போய்விடுகிறார். அம்மம்மா மட்டும் அந்தப் பிள்ளை ஆர், என்ன படித்தவள், குணம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறா. எனக்கு மச்சாளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விடுமுறைக்கு வந்தால் என்னோடுதான் பாய் போட்டுப் படுப்பாள். இதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் வெறுப்பு வரவில்லை. ஆனால் நான் சைவப்பிள்ளை. என் சமயம் என்ன சொல்கிறது என்று கேட்காமல் விடவும் மனம் வரவில்லை. சமயம் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் காரணத்தோடு எழுதுங்கள். அவளைத் திட்ட வேண்டாம், அது வீட்டிலேயே போதுமான அளவு நடக்கிறது.

வண்ணை மாஸ்ரர் எழுதியது:

பிள்ளை, நீர் மரியாதையாகக் கேட்டபடியால் நானும் அப்படியே சொல்லுகிறேன். சைவத்தில் கலியாணம் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பியதோடு முடிகிற காரியம் இல்லை. இல்லறம் என்பது ஒரு கடமை. தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்று ஐந்து பேருக்கும் செய்யவேண்டியதை வள்ளுவர் இல்வாழ்வானிடம் ஒப்படைக்கிறார். அதில் முதலாவது தென்புலத்தார். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கு அந்தியேட்டியும் துவசமும் செய்ய ஒரு தலைமுறை வேண்டும். கன்னிகாதானம் என்று தாரை வார்ப்பதும், அம்மி மிதிப்பதும், அருந்ததி பார்ப்பதும் எல்லாம் அந்தத் தலைமுறையை நோக்கித்தான் நிற்கின்றன. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழலாம்; சமைத்துச் சாப்பிடலாம்; அன்பாக இருக்கலாம். அதை விவாகம் என்று எங்கள் சமயம் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் போரில் அள்ளிக் கொடுத்த இனம். பிறகு கப்பலிலும் விமானத்திலும் ஏறிப் போன இனம். வடக்கில் பிள்ளைகள் இல்லாமல் மூடிக்கிடக்கும் சிறு பள்ளிக்கூடங்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றில் நான் படிப்பித்தும் இருக்கிறேன். குடும்பம் என்ற அமைப்பு இன்னும் தளர்ந்தால் எங்களில் மிச்சம் என்ன?

உமது மச்சாளை வெறுக்கச் சொல்லவில்லை. அவள் வந்தால் சோறு போடுங்கள். அழைப்பிதழில் பெயர் போடுவது வேறு. அது குடும்பத்தின் கையெழுத்து.

முகம் தேவையில்லை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறேன். ஆண். ஆண்களைத்தான் எனக்குப் பிடிக்கும். இதை இங்கே பெயர் இல்லாமல்தான் எழுத முடியும் என்பதை முதலில் கவனியுங்கள்.

மாஸ்ரர், கந்தசஷ்டி ஆறு நாளும் நான் விரதம் இருப்பவன். நல்லூர்த் திருவிழாவில் தேருக்கு வடம் பிடிப்பவன். இந்தக் கேள்வியை உங்களைவிட அதிகம் சாமியிடம் கேட்டவன் நான்தான் என்று நினைக்கிறேன். தலைமுறை வேண்டும் என்கிறீர்கள். பிள்ளை இல்லாத எத்தனை தம்பதிகள் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்? அவர்கள் செய்தது விவாகம் இல்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? எங்கள் ஊர்த் துறவி யோகர் சுவாமி கலியாணமே செய்யவில்லை. அவரால் இனம் குறைந்தது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அவர் படத்தை வீட்டில் வைத்துக் கும்பிடுகிறோம்.

சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. முதலில் இரண்டு பேரின் காதல் இருந்தது. ஏமாற்றுக்காரர் வந்த பிறகுதான் சடங்கு வந்தது. அப்படியென்றால் சடங்கு மனிதர் வைத்தது, தேவைக்காக வைத்தது. தேவை மாறினால் அதையும் மாற்றலாம். அர்த்தநாரீசுவரரைக் கும்பிடும் சமயத்துக்கு என்னைப் பார்க்க மட்டும் ஏன் கண் கூசுகிறது?

பாசையூரான் எழுதியது:

நான் கத்தோலிக்கன். எங்களுக்கு இதில் எழுத்திலேயே நிலைப்பாடு இருக்கிறது, அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். 1992 இல் வந்த மறைக்கல்வி நூல் இரண்டு விஷயங்களைப் பக்கத்துப் பக்கத்தில் சொல்லுகிறது. தன்பால் உறவுச் செயலை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது என்பது ஒன்று. அந்த ஈர்ப்பு உள்ளவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்றுக்கொள்ளவேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்பது மற்றது. எங்கட ஆட்களில் அரைவாசிப் பேருக்கு முதலாவது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதையும் அதே திருச்சபைதான் சொன்னது.

2023 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் காலத்தில் ஓர் ஆவணம் வந்தது. இப்படியான தம்பதிகளுக்குக் குருவானவர் வழிபாட்டுச் சடங்கு எதுவும் இல்லாமல் ஆசீர் கொடுக்கலாம், ஆனால் அது திருமணம் போலத் தோன்றக்கூடாது என்று. ஆபிரிக்க ஆயர்கள் பலர் தங்கள் நாடுகளில் அதைச் செய்யமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்களுக்குள்ளும் இது ஆறிப்போன விஷயம் இல்லை. ஆனால் திருமணம் என்ற அருளடையாளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்பதை அந்த ஆவணமும் தொடவில்லை.

தங்கச்சி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் பதிவுக்குச் சாட்சியாகப் போகமாட்டேன். அவர்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணம் வந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுப்பேன். இது இரட்டை வேடம் என்று சிலருக்குப் படலாம். என் மனச்சாட்சி எனக்குக் காட்டும் இடம் இதுதான்.

சட்டம் படித்தவள் எழுதியது:

சமயத்துக்குள் நான் வரவில்லை. சட்டத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கலக்கக்கூடாது. ஒன்று, இது குற்றமா என்பது. மற்றது, இது திருமணமா என்பது.

இலங்கையில் தன்பால் உறவு இன்றைக்கும் குற்றம். 1883 இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள். முதலாவதுக்குப் பத்து வருடம் வரை, இரண்டாவதுக்கு இரண்டு வருடம் வரை மறியல் (சிறை). 365அ முதலில் ஆண்களை மட்டும்தான் பிடித்தது. 1995 திருத்தத்தில் "ஆண்" என்று இருந்த இடத்தில் "ஆள்" என்று மாற்றிப் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். உலகத்தில் பல நாடுகள் இதை நீக்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் வலையை அகட்டினோம்.

2016 இல் ஒரு வழக்கில், நாட்டின் ஆக மேலான நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு செய்வதை அரசு காவல் காக்கத் தேவையில்லை என்ற இன்றைய சிந்தனையைக் குறிப்பிட்டது. ஆனால் சட்டம் சட்டமாகவே இருக்கிறது என்று குற்றத்தீர்ப்பை மாற்றவில்லை, தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. ஏன் நீதிமன்றமே நீக்கவில்லை என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. பாராளுமன்றம்தான் மாற்றவேண்டும். 2023 இல் இந்தக் குற்றத்தை நீக்க ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை, சாதாரண பெரும்பான்மையே போதும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 இல் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் வாக்கெடுப்புக்கு வராமலே போய்விட்டது.

மாஸ்ரர், எங்கள் பண்பாடு என்று நீங்கள் காக்கும் பக்கத்தில் நிற்கும் இந்தச் சட்டம் விக்டோரியா மகாராணி காலத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையில் இப்படி ஒரு குற்றம் எழுதப்பட்டதாக நான் படித்ததில்லை. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த அந்தச் சட்டம் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து), அடமானம் என்றுதான் பேசுகிறது.

ஐந்துசந்தி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சோனகத்தெருவில் பிறந்தவன். இங்கே யாரும் எங்கள் பக்கத்தை எழுதாதபடியால் எழுதுகிறேன். ஆண்களை நாடிய லூத் நபியின் கூட்டத்தாரைப் பற்றிக் குர்ஆன் பல இடங்களில் பேசுகிறது. எங்கள் உலமாக்களிடம் இதில் இரண்டு கருத்து இல்லை, ஹராம். ஹராத்தை ஹலால் என்று நான் சொன்னால் என் ஈமானுக்கு நான் பதில் சொல்லவேண்டும். கனடாச் சட்டம் சொன்னாலும், கொழும்புச் சட்டம் சொன்னாலும் அது மாறாது.

அதே குர்ஆன்தான் பிறரின் மறைவைத் துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்றும் சொல்லுகிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பொலிசை அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்களாகிய எங்களை இந்த ஊரைவிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறப் புலிகள் சொன்னார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். உன் இடம் இது இல்லை என்று ஒரு மனிதனுக்குச் சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு பிள்ளையை இதற்காக வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு என்னிடம் யாரும் ஆதரவு கேட்க வேண்டாம். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நான் உங்களோடு நிற்கிறேன். கலியாணம் என்று வந்தால் மாஸ்ரரோடு நிற்கிறேன்.

சட்டம் படித்த தங்கச்சிக்கு ஒரு கேள்வி. நாளைக்கு இங்கே சட்டம் மாறினால் எங்கள் நிக்காஹ்வையும் இப்படிச் செய் என்று வற்புறுத்துவார்களா?

ஸ்காபுரோத் தம்பி எழுதியது:

அந்தக் கேள்விக்கு இங்கிருந்து நான் சொல்லுகிறேன், காக்கா. ஒன்ராறியோவில் 2003 இல் நீதிமன்றத் தீர்ப்பால் இது சட்டபூர்வமானது. 2005 இல் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலேயே, சமயத் தலைவர்கள் தங்கள் நம்பிக்கைக்கு மாறான திருமணத்தை நடத்த மறுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இங்குள்ள எங்கள் கோயில்களில் இன்னும் தாலி கட்டுகிறார்கள், ஹோமம் வளர்க்கிறார்கள், சீதனம் கூடக் கதைக்கிறார்கள். எந்த ஐயரையும் யாரும் வந்து வற்புறுத்தியதாக நான் அறியவில்லை. மாறியது நகரசபைப் பதிவில்தான்.

மாஸ்ரருக்கும் ஒன்று சொல்லவேணும். எங்கட சனம் போய்க் குடியேறிய நாடுகளைப் பாருங்கள். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா. எல்லா இடத்திலும் இப்போது இந்தத் திருமணம் சட்டத்தில் உண்டு. உங்கள் மாணவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் வளருகிறார்கள். இந்தக் கேள்வி கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. பெயர் போடமாட்டோம் என்று நீங்கள் சொன்னால் அந்தப் பிள்ளை கலியாணத்தை நிற்பாட்டமாட்டாள். யாழ்ப்பாணத்துக்கு வாறதைத்தான் நிற்பாட்டுவாள். அவளோடு தமிழும் போகும், ஊர்த் தொடர்பும் போகும். இனம் குறைகிறது என்று கவலைப்படுகிறீர்களே, இதுவும் குறைவுதானே?

வண்ணை மாஸ்ரர் எழுதியது:

ஒவ்வொன்றாக வருகிறேன். தம்பி (முகம் தேவையில்லை), உம்முடைய விரதத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தொல்காப்பியத்தில் ஒரு சூத்திரத்தை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டீர். "ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப" என்று களவியலில் இருக்கிறது. பத்துப் பொருத்தமும் கிழவனுக்கும் கிழத்திக்கும் இடையில்தான் பார்க்கிறார். ஐந்திணை முழுவதும் தலைவனும் தலைவியும். கரணம் பின்னால் வந்தது என்பது சரி. அது யாருக்காக வந்தது என்பதையும் அந்த நூலிடமே கேட்கவேண்டும். அர்த்தநாரீசுவரர் சிவமும் சத்தியும் பிரியாமல் நிற்கும் தத்துவம். அதை ஒரு வாழ்க்கை முறைக்குச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது.

துறவியையும் சேர்த்துக் கதைத்தீர். யோகர் சுவாமி இல்லறத்துக்குள் வந்துவிட்டு அதன் கடமையை விட்டவர் இல்லை. அவர் வேறு வழியில் போனவர். பிள்ளை இல்லாத தம்பதிகள் கேட்டும் கிடைக்காதவர்கள். அவர்களின் நோவை ஒரு வாதத்துக்கு எடுக்கவேண்டாம்.

சட்டம் படித்த பிள்ளை சொன்னது எனக்குப் புதிய தகவல் இல்லை. வெள்ளைக்காரன் எழுதியதால் மட்டும் ஒன்று பிழையாகிவிடாது. உடன்கட்டையையும் அவன்தான் தடைசெய்தான். ஆனாலும் மறியலுக்கு அனுப்பு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பாவத்தைத் திருத்த மறியல் உதவாது.

கொக்குவில் பிள்ளை எழுதியது:

மாஸ்ரர், ஒரு குறுக்குக் கேள்வி. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட சாதி மக்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள். அப்போதும் ஆகமம், மரபு, முன்னோர் வழக்கம் என்றுதான் காரணம் சொன்னார்கள். சாதித் தடைகளைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பதினொரு வருடம் ஆன பிறகும். இன்றைக்கு அந்தக் காரணங்களைச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். இதுவும் அப்படி ஆகாது என்று எப்படித் தெரியும்?

வண்ணை மாஸ்ரர் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த நாட்களில் நான் மாணவன். உள்ளே விடவேண்டும் என்ற பக்கத்தில் நின்றவன், அதற்காக வீட்டில் ஏச்சும் வாங்கியவன். எதை வைத்து நின்றேன்? சைவத்தை வைத்துத்தான். நந்தனாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அறுபத்துமூவரில் இருக்கிறார்கள். "ஆவுரித்துத் தின்றுழலும் புலையரேனும்" சிவனுக்கு அன்பரானால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்று அப்பர் பாடியிருக்கிறார். சாதித் தடுப்புக்கு எதிரான மருந்து சமயத்துக்குள்ளேயே இருந்தது, நாங்கள் எடுத்துக் குடிக்காமல் விட்டோம். தன்பால் விவாகத்துக்கு அப்படி ஒரு பதிகத்தை, ஒரு சாத்திர வரியைக் காட்டுங்கள். காட்டினால் நான் திரும்ப யோசிப்பேன்.

முகம் தேவையில்லை எழுதியது:

மாஸ்ரர், நான் காட்டமாட்டேன். அப்படி ஒரு பதிகம் இல்லை. நீங்கள் நேர்மையாகக் கேட்டீர்கள், நானும் நேர்மையாகச் சொல்லுகிறேன். ஆனால் அப்பர் அந்தப் பாட்டைப் பாடும்வரைக்கும் அதற்கு முன்னால் ஒரு பாட்டு இருந்ததா என்று அவர் தேடிக்கொண்டிருக்கவில்லை. எதிரே நின்ற மனிதரில் சிவனைக் கண்டார், பாடினார்.

இனி நூலை வைத்துவிட்டு நடப்பதைக் கதைப்போம். எனக்கு இரண்டு வருடமாகச் சம்பந்தம் பார்க்கிறார்கள். போன தை மாதம் ஒன்று சாதகம் பொருந்தி, வீட்டோடு சீதனம் கதைத்து, நாள் வைக்கிற வரைக்கும் போனது. எனக்கு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும். வெளியே கதைக்க முடியாத ஊரில் என்னைப் போன்ற எத்தனை பேர் வேண்டும் என்று தலையாட்டியிருப்பார்கள்? அந்த மணவறையில் ஐயர் இருந்தார், அம்மி இருந்தது, அருந்ததியும் காட்டினார்கள். பொய் அங்கேதான் நடக்கிறது. உங்கள் கணக்கில் அதுதானே சரியான விவாகம்?

நான் அதை நிற்பாட்டினேன். நோய் ஒன்று இருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அளவெட்டி அக்கா எழுதியது:

இங்கே எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. தம்பியின் பதிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெண் நான். பதினைந்து வருடத்துக்கு முந்தின கதை. வெளிநாட்டு மாப்பிள்ளை இல்லை, இங்கேயே உத்தியோகம். நல்ல மனிதர், குடி இல்லை, கை நீட்டியதில்லை. கலியாணம் முடிந்து ஒரு வருடமாக என்னில்தான் ஏதோ குறை என்று நினைத்து நான் மெலிந்தேன். மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனா, டொக்டர்மாரிடமும் போனா. தனக்குப் பெண்களில் நாட்டமே இல்லை என்று அவர் கடைசியில் ஒரு நாள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஆறுதல். கோபம் பிறகு வந்தது. இன்னும் இருக்கிறது.

பிரிந்த பிறகு பட்டதைக் கேளுங்கள். எங்கள் சட்டத்தில் மணமுறிவுக்குச் சில காரணங்கள்தான். பிறர்தொடர்பு, வேண்டுமென்று கைவிட்டுப் போதல், மணம் முடிக்கும்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. இருவருக்கும் சம்மதம் என்பது காரணம் இல்லை. அவர் என்னைக் கைவிட்டார் என்று வழக்குப் போட்டு இழுத்தோம். அந்தக் காலம் முழுவதும், அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த காணியில் ஒரு பரப்பைக்கூட அவரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியவில்லை. தேசவழமைப்படி காணி என்னுடையது, கையெழுத்து அவருடையது. அதற்கும் நீதிமன்றம்தான் போகவேண்டும்.

ஆகவே மாஸ்ரர், இனத்தைக் காக்க எல்லோரும் கலியாணம் செய்யவேணும் என்று நீங்கள் சொல்லும்போது, அந்தக் காவலுக்கு விலை கொடுத்தது நான். தம்பி, நீங்கள் நிற்பாட்டியதற்கு அந்தப் பிள்ளைக்குக் காரணம் தெரியாமலே இருக்கும், ஆனால் அவளுக்கு நீங்கள் செய்தது பெரிய உதவி. அதேநேரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆணும் ஆணும் தாலி கட்டுவதைப் பார்த்துக் கைதட்ட என்னால் முடியாது. என் மனம் அதற்குப் பழகவில்லை. அவரை யாரும் வற்புறுத்தாத ஓர் ஊர் இருந்திருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பாசையூரான் எழுதியது:

அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். எங்கள் திருச்சபையிலும் திருமணக் கடமைகளை ஏற்கும் இயல்பு ஒருவருக்கு முதலிலேயே இல்லாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாதது என்று தீர்ப்பாயம் அறிவிக்க இடம் இருக்கிறது. அதை யோசித்தால் ஒன்று விளங்குகிறது. எதிர்ப்பாலில் நாட்டம் இல்லாதவரைக் கலியாணத்துக்குத் தள்ளுவதை நாங்களும் சரி என்று சொல்ல முடியாது. மாஸ்ரரும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

தம்பி, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். உங்களைச் சும்மா விட்டால் போதுமா, அல்லது கலியாணமும் வேண்டுமா?

முகம் தேவையில்லை எழுதியது:

அளவெட்டி அக்கா, உங்கள் பதிவை நாலு தடவை வாசித்தேன். நன்றி என்று சொல்வது சிறிய வார்த்தை.

பாசையூர் அண்ணை, ஒளிக்காமல் சொல்லுகிறேன், கலியாணமும் வேண்டும். கோயிலில் கேட்கவில்லை. கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) ஒரு பதிவு. ஏன் என்று விளங்கப்படுத்துகிறேன். எனக்கு ஒருவர் இருக்கிறார். போன வருடம் அவர் மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் யார் என்று கேட்டார்கள். கூட்டாளி என்றேன். வெளியே நில் என்றார்கள். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்க அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா வவுனியாவிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். நாங்கள் இரண்டு பேரும் உழைத்து ஒரு காணி வாங்கினால் அது தேடியதேட்டம் ஆகாது. நாளைக்கு அவர் செத்தால் செத்தவீட்டில் நான் பந்தலுக்கு வெளியே கதிரை போட்டு இருக்கிறவர்களில் ஒருவன். இவ்வளவையும் ஒரு பதிவு மாற்றும்.

சட்டம் படித்தவள் எழுதியது:

பக்கத்து நாடுகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2018 செப்ரெம்பரில் உச்ச நீதிமன்றம் சம்மதத்தோடு நடப்பது குற்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2023 ஒக்ரோபரில் அதே நீதிமன்றம், திருமண உரிமையை நாங்கள் தர முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. நேபாளத்தில் 2023 இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவை வைத்து முதலாவது திருமணம் பதிவானது. அதுவும் இந்துக்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடுதான். தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அது பௌத்த நாடு. ஆகவே குற்றத்தை நீக்கினால் அடுத்த நாளே கலியாணம் வந்துவிடும் என்ற பயத்துக்கு இந்தியா பதில். சமயம் இருக்கும் நாட்டில் கலியாணம் வரவே வராது என்பதற்கு மற்ற இரண்டும் பதில்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 365 ஆம் பிரிவை அப்படியே வெட்டி எறியக்கூடாது. சிறுவர்கள்மீது நடக்கும் குற்றங்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வன்புணர்வுச் சட்டம் பெண்களை மட்டும்தான் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. கடுமையான பாலியல் துர்நடத்தைக்கு 365ஆ இருக்கிறது. அதை உறுதியாக வைத்துக்கொண்டு, வயது வந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பதை மட்டும் வெளியே எடுக்கவேண்டும். பாராளுமன்றத்தின் கவனத்துக்கு இப்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்துசந்திக் காக்கா பொலிசை அனுப்ப உடன்பாடில்லை என்றும், பாசையூர் அண்ணை அநியாயமான பாகுபாடு கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மறியல் உதவாது என்று மாஸ்ரரும் எழுதினார். கையெழுத்து வைப்பீர்களா?

ஐந்துசந்தி எழுதியது:

கடிதத்தை முதலில் வாசிக்கவேண்டும். இது எங்கள் மார்க்கத்தில் சரி என்று நான் சொல்வதாக ஒரு எழுத்துக்கூட அதில் இருக்கக்கூடாது. சிறுவர் பாதுகாப்பு முதல் பந்தியில் வரவேண்டும். இரண்டும் சரியென்றால் வைப்பேன். பள்ளிவாசல் பெயரில் வைக்கமாட்டேன், என் சொந்தப் பெயரில்.

வண்ணை மாஸ்ரர் எழுதியது:

அளவெட்டிப் பிள்ளை, உமது பதிவு என்னை இரவு முழுக்க நித்திரை கொள்ள விடவில்லை. மனம் இல்லாதவனைப் பிடித்து மணவறையில் இருத்துவது அதர்மம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை, பெற்றோர்களிடம் அதைச் சொல்லவும் தயார்.

கடிதத்துக்கு வருகிறேன். மறியல் தண்டனையை நீக்கக் கேட்கும் கடிதத்தில் நான் கையெழுத்து வைப்பேன். ஒரு நிபந்தனை. விவாகம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, இந்தக் கோரிக்கை அதை மாற்றக் கேட்கவில்லை என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் என்னோடு இருக்கும் சைவப் பெரியவர்களிடம் நான் இதைக் கொண்டுபோக முடியாது. வரி இருந்தால் பத்துக் கையெழுத்தாவது வாங்கித் தருவேன்.

கொக்குவில் பிள்ளை, அழைப்பிதழைப் பற்றி நான் முதலில் சொன்னதுதான் என் கருத்து. ஆனால் பெயர் உமது அம்மம்மாவுடையது. முடிவு அவவுடையது, பெரியம்மாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

முகம் தேவையில்லை எழுதியது:

மாஸ்ரர், உங்களுடைய பத்துக் கையெழுத்தின் பெறுமதி எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சைவப் பெரியவர்கள் பத்துப் பேர் இதைக் கேட்டால் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரும் கவனிப்பார். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கீழே என்னால் என் பெயரை எழுத முடியாது. என்னை மறியலிலிருந்து எடுக்கிற கடிதத்திலேயே ஆஸ்பத்திரி வாசலில் என்னை வெளியே நிறுத்துகிறீர்கள்.

சட்டம் படித்தவள் எழுதியது:

கலியாணத்தைப் பற்றி ஆதரித்தோ எதிர்த்தோ ஒன்றுமே எழுதாமல் விட்டால்?

வண்ணை மாஸ்ரர் எழுதியது:

எழுதாமல் விட்டால் ஒளிக்கிறோம் என்று நாளைக்குச் சொல்லுவார்கள், நானும் அப்படித்தான் நினைப்பேன். இரண்டு கடிதமாகப் போகட்டும். மறியல் வேண்டாம் என்ற பந்தியையும் சிறுவர் பாதுகாப்புப் பந்தியையும் இரண்டிலும் ஒரே வசனத்தில் வையுங்கள். மிச்சத்தை அவரவர் எழுதுவோம். வரைவை எனக்கு அனுப்பும் பிள்ளை, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன்.